டிக்கன்ஸ் முதல் எலியட் வரை: கேட்டதும் சொன்னதும்

ஆங்கில இலக்கியத்தில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்றிருந்தேன். பாதி பரீட்சைக் கேள்வி, மீதி ‘பாதியில் மூடி வைத்துவிட்டேன்’ ரகம். வந்த வரிசையிலேயே பதில்.

கேள்வி: டிக்கன்ஸுக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்களாம், அதனால்தான் இழுத்து இழுத்து எழுதினார் என்கிறார்கள். உண்மையா சார்?

பதில்: இல்லைம்மா. ஒரு பகுதிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. 1836இல் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ வர ஆரம்பித்தபோது மாதம் ஒரு பகுதி, விலை ஒரு ஷில்லிங். அன்றைக்கு மூன்று தொகுதியாக வரும் புது நாவலை மொத்தமாக வாங்க முப்பத்தொன்றரை ஷில்லிங் ஆகும், அது வசதியானவர்கள் கதை. மாதம் ஒரு ஷில்லிங் என்றால் குமாஸ்தாவும் யோசிக்காமல் வாங்குவார். பக்கத்தை நிரப்பியாக வேண்டிய கட்டாயம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் போன மாதம் வந்துபோன ஆளை இந்த மாதம் வாசகர் சட்டென்று அடையாளம் காண வேண்டுமே, அதற்காகத்தான் ஆளுக்கொரு சேட்டை, ஆளுக்கொரு பேச்சு. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஊறியவர்களுக்கு இது புரியும்.

கேள்வி: ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு இரண்டு முடிவு இருக்கிறதாமே, எது சரி?

பதில்: அச்சில் வந்தது இரண்டாவது. முதலில் எழுதியதில், வருஷங்கள் கழித்து லண்டன் பிக்காடிலி தெருவில் கதாநாயகன் பிப் நடந்துபோகிறான், கூட அவனை வளர்த்த ஜோவின் சின்னப் பையன். அவன் காதலித்த எஸ்டெல்லா வண்டியில் இருந்தபடி கூப்பிட்டு அனுப்புகிறாள். அவள் ஒரு டாக்டரை மறுமணம் செய்துகொண்டாயிற்று. அது பிப்பின் பிள்ளை என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கச் சொல்கிறாள். அவனும் திருத்தவில்லை, அவ்வளவுதான், பிரிந்துவிடுகிறார்கள். 1861இல் இதை அச்சேறும் முன்பே படித்த நண்பர் புல்வர் லிட்டன் முடிவை மாற்றச் சொல்ல, டிக்கன்ஸும் மாற்றிவிட்டார். இடிந்த வீட்டுத் தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியே வருகிற மாதிரி. டிக்கன்ஸ் இறந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் பழைய முடிவு வெளியே வந்தது. என்னைக் கேட்டால் பழையதுதான் உசத்தி. அந்தக் குழந்தையைப் பற்றி அவன் வாயே திறக்காமல் இருக்கிறானே, அதற்கு முன்னால் தோட்டமும் மூடுபனியும் எம்மாத்திரம்.

சரி, இந்த லிட்டன் யார் என்றால், அன்றைக்குப் பெரிய பெயர், இன்றைக்கு அங்கே அவரைப் படிப்பவர்கள் குறைவு. நமக்கு அவர் அந்நியரில்லை. அவருடைய ‘தி சீக்ரெட் வே’ என்ற கதைப்பாட்டைத் தழுவித்தான் சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ எழுதினார். ‘நீராருங் கடலுடுத்த’ அதிலுள்ள வாழ்த்துப்பாடல்தான்.

கேள்வி: அண்ணா, ‘மோபி டிக்’ மூன்று தடவை ஆரம்பித்தேன், திமிங்கில வகைகள் வரும் அத்தியாயத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுபோகிறேன். தாண்டிப் போகலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அந்த 32ஆம் அத்தியாயத்தைப் பாடப்புத்தகமாக நினைத்துப் படிப்பதால்தான் தம்பி அலுக்கிறது. திமிங்கிலங்களை மெல்வில் ஃபோலியோ, ஆக்டேவோ என்று புத்தக அளவுகளை வைத்துப் பிரிக்கிறார், பாதி விளையாட்டு அது. 94ஆம் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். திமிங்கிலத் தலையிலிருந்து எடுத்த மெழுகு ஆறிக் கட்டிகட்டியாகிவிடும், கப்பலாட்கள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பிசைந்து கரைக்க வேண்டும். பிசையப் பிசைய எது கட்டி, எது பக்கத்து ஆளின் கை என்று தெரியாமல் போகிறது. ஒருவன் வெறியில் எல்லோரும் சாகப்போகும் கதைக்கு நடுவில் இப்படி ஒரு காலைநேரத்தை வைக்க மெல்வில்லால்தான் முடியும்.

1851இல் லண்டன் பதிப்பு முதலில் வந்தபோது கடைசியிலுள்ள பின்னுரை விடுபட்டுப் போனது. கதையைச் சொல்லும் இஷ்மேல் மட்டும் பிழைத்த விவரம் அதில்தான் இருக்கிறது. எல்லோரும் செத்துப்போனால் கதையைச் சொல்வது யார் என்று அங்கே விமர்சகர்கள் கிண்டலடித்தார்கள். அமெரிக்காவிலும் சரியாகப் போகவில்லை. அப்புறம் மெல்வில் நியூயார்க் சுங்கத் துறையில் 19 வருஷம் வேலை பார்த்தார். 1891இல் இறந்தார், நாவலைக் கொண்டாடத் தொடங்கியது 1920களில்.

கேள்வி: எமிலி டிக்கின்சன் கவிதை என்னிடம் இருக்கும் புத்தகத்தில் ஒரு மாதிரியும் இணையத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: உங்களிடம் இருப்பது 1890 வாக்கில் வந்ததன் மறுபதிப்பாக இருக்கும். அவர் இறந்தபின் பதிப்பித்தவர்கள் தலைப்பு வைத்து, நிறுத்தற்குறியாக அவர் போட்ட சிறு கோடுகளை எடுத்துவிட்டு, எதுகையையும் சீர்செய்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோதே, 1866இல், பாம்பைப் பற்றிய கவிதையின் மூன்றாம் வரியில் பத்திரிகைக்காரர்கள் நிறுத்தற்குறி போட்டுக் கெடுத்துவிட்டதாகக் கடிதத்தில் குறைப்பட்டவர் அவர். 1955இல் தாமஸ் ஜான்சன் பதிப்பித்ததையோ அதற்குப் பிந்தியதையோ வாங்குங்கள்.

கேள்வி: ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர்தானே?

பதில்: இல்லை, அதைச் செய்தவன் பெயர். பூதத்துக்குப் பெயரே வைக்கவில்லை மேரி ஷெல்லி. 1818இல் முதலில் வந்தபோது புத்தகத்தில் அவர் பெயரும் இல்லை.

கேள்வி: டி.எஸ். எலியட்டை பிரிட்டிஷ் தாளில் எழுதுவதா, அமெரிக்கத் தாளிலா? எங்கள் சிலபஸில் இரண்டிலும் இருக்கிறார்.

பதில்: பிறந்தது செயின்ட் லூயிஸ், 1888. பிரிட்டிஷ் குடிமகன் ஆனது 1927. அவருடைய நீள்கவிதை ‘தி வேஸ்ட் லேண்ட்’ 1922, அதாவது லண்டனில் வாழ்ந்த அமெரிக்கராக எழுதியது. கவிஞர் ஆடன் நேர் எதிர், யார்க்கில் பிறந்து 1946இல் அமெரிக்கர் ஆனவர். எந்தத் தாளில் கேட்கிறார்களோ அதில் எழுதிவிட்டு வாருங்கள், மார்க் போடுவார்கள்.