அரசு வக்கீலும் மனித உரிமையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சட்டம் முடித்துவிட்டு ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். அரசுத் துறை ஒன்றின் சட்டப் பிரிவில் சமத்துவம், மனித உரிமை தொடர்பான விவகாரங்களைப் பார்க்கும் பணிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. செய்தியைச் சொன்னதும் கூடப் படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். "உரிமையை மீறுவதே அரசுதான். அதற்கே வக்காலத்துப் போடப் போகிறாயா?" என்கிறார்கள். எனக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் உண்டு.

இந்த வேலையில் அன்றாடம் என்னதான் செய்வார்கள்? உள்ளே இருந்துகொண்டு எதையாவது மாற்ற முடியுமா? அநியாயம் என்று எனக்குத் தோன்றும் ஒன்றைக் கோர்ட்டில் நியாயப்படுத்தச் சொன்னால் என்ன செய்வது? நீங்கள் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள ம.,

உங்கள் மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்வர்ட் என்னிஸ், ஜான் பர்லிங் என்று இரண்டு பேர். அமெரிக்க நீதித் துறையில் அரசு வழக்கறிஞர்களாக இருந்தவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீடுவாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். போக மறுத்துக் கைதான ஃபிரெட் கொரமாட்சுவின் வழக்கு 1944இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அரசுத் தரப்பு வாதவுரையை எழுதும் பொறுப்பு இந்த இருவரிடமும் இருந்தது.

ராணுவத் தளபதியின் அறிக்கையில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. கரையிலிருந்து எதிரிக் கப்பல்களுக்கு ரேடியோ வழியாகச் சமிக்ஞை போகிறது என்பது. எஃப்.பி.ஐ.யும் தகவல்தொடர்பு ஆணையமும் விசாரித்துப் பார்த்து அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டன. அதனால் பர்லிங் தன் வரைவில் ஓர் அடிக்குறிப்பு போட்டார். அந்த அறிக்கையோடு முரண்படும் தகவல்கள் நீதித் துறையின் கையில் இருக்கின்றன என்று கோர்ட்டுக்கே சொல்லிவிடும் அடிக்குறிப்பு. வாதவுரை அச்சுக்குப் போன பிறகு போர்த் துறை அதைப் பார்த்துப் பதறியது. அச்சை நிறுத்தினார்கள். மேலிடத்தில் பேச்சு நடந்தது. அடிக்குறிப்பு எதையும் சொல்லாத, வழவழப்பான இரண்டு மூன்று வரியாகச் சுருங்கியது. என்னிஸும் பர்லிங்கும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். 6–3 என்ற கணக்கில் அரசு ஜெயித்தது.

இதற்கு முந்தைய வருடம், இதேபோன்ற இன்னொரு வழக்கில், கடற்படை உளவுப் பிரிவின் மாற்றுக் கருத்தைக் கோர்ட்டிடம் சொல்லாமல் விடுவது ஆதாரத்தை மறைப்பதற்குச் சமமாகிவிடலாம் என்று என்னிஸ் மேலதிகாரிக்கு எழுதியே கொடுத்திருந்தார். அதையும் கேட்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆவணக் காப்பகத்தைத் துழாவியவர்கள் கையில் இந்தக் குறிப்புகளும் திருத்தப்பட்ட வரைவும் சிக்கின. அவற்றை வைத்துத்தான் 1983இல் கொரமாட்சு மீதான தண்டனை ரத்தானது. 2011இல், தன் பதவியில் முன்பு இருந்தவர் அந்த வழக்குகளில் செய்தது தவறு என்று உச்ச நீதிமன்றத்தில் அமெரிக்க அரசுக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞரான சொலிசிட்டர் ஜெனரலாகப் பொறுப்பிலிருந்தவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

என்னிஸும் பர்லிங்கும் ராஜினாமா செய்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே இருந்ததில் தப்பில்லை. எழுதிக் கொடுத்தது சரி, சண்டை போட்டது சரி. கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. அரசுக்காக வாதாடலாம், சட்டம் இடம் கொடுக்கும்வரை, உங்களுக்குப் பிடிக்காத கொள்கைக்காகவும் வாதாடலாம். அதற்குத்தான் சம்பளம். ஆனால் பொய் என்று தெரிந்த ஒன்று உங்கள் பெயரோடு கோர்ட்டுக்குள் போகக் கூடாது. "நான் கையெழுத்துப் போட மாட்டேன், வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்கு ராஜினாமா தேவையில்லை. பதவி உயர்வு தள்ளிப் போகும், ஒதுக்குப்புறமான ஒரு சீட்டுக்கு மாற்றுவார்கள். அதற்குத் தயாராக இருந்தால் சேருங்கள்.

பொய் என்று சொல்ல முடியாத, ஆனால் கூசவைக்கும் வரிகள் அடிக்கடி வரும். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கேட்ட வழக்கில், படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமப்புற ஆண்கள், பெண்ணின் தலைமையை ஏற்க அவர்கள் இன்னும் மனதளவில் தயாராகவில்லை என்று மத்திய அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்தது. 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இந்த வகை வாதங்களையெல்லாம் பாலினம் பற்றிய முன்முடிவுகள் என்று ஒதுக்கித் தள்ளியது. அப்படி ஒரு வரி வரைவில் கண்ணில் பட்டதும் "இதை எடுத்துவிடுங்கள், நம் வாதமே இதனால் கெட்டுப்போகும்" என்று சொல்கிற ஆள் அறையில் இருக்க வேண்டும். நியாயம் பேசினால் எரிச்சல்படுகிற அதிகாரிகூட, கேஸ் தோற்கும் என்றால் காது கொடுப்பார்.

சரி, அன்றாட வேலை. கோர்ட் அதில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் கோப்பு. முடிவு எடுப்பதற்கு முன்னால் உங்களிடம் வரும் கோப்பு, அல்லது வராமல் போகும் கோப்பு.

பிரிட்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1993இல் லண்டனில் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். அந்த வழக்கைக் காவல்துறை கையாண்ட லட்சணத்தைப் பற்றிய விசாரணை அறிக்கை 1999இல் வந்தது. அடுத்த வருடம், இனப் பாகுபாட்டை ஒழிப்பதை ஒவ்வொரு முடிவிலும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பொது அமைப்புகளுக்குக் கடமை விதித்தார்கள். பிறகு பாலினம், மாற்றுத்திறன் என்று விரிந்து 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆவது பிரிவில் வந்து நிற்கிறது. இதன் பல் எங்கே இருக்கிறது என்றால், முடிவு சரியா தப்பா என்று கோர்ட் பார்ப்பதற்கு முன்னால், யோசித்தீர்களா, எப்போது யோசித்தீர்கள், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கும்.

சவுத் வேல்ஸ் காவல்துறை கார்டிஃபில் முகமறியும் கேமராக்களை வைத்தபோது ஒருவர் வழக்குப் போட்டார். முதலில் காவல்துறைதான் ஜெயித்தது. 2020இல் மேல்முறையீட்டில் தோற்றது. தோற்ற காரணங்களில் ஒன்று இந்தக் கடமை. மென்பொருள் கறுப்பினத்தவரையும் பெண்களையும் பாரபட்சமாக அடையாளம் காட்டுகிறது என்று கோர்ட் சொல்லவில்லை. காட்டுகிறதா இல்லையா என்று நீங்கள் விசாரிக்கவே இல்லையே என்றது. எந்த முகங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்தோம் என்பது வியாபார ரகசியம் என்று தயாரித்த நிறுவனம் கைவிரித்திருந்தது. அது நிறுவனத்தின் பாடு, கடமை உங்களுடையது என்று முடித்துவிட்டார்கள். கேமரா வாங்கும் கோப்பில் யாராவது ஒரு சட்ட அலுவலர் அந்த ஒரு கேள்வியை எழுதியிருந்தால் போதும்.

இந்தியாவில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு எதற்கும் இப்போது ஆன்லைன் கே.ஒய்.சி., அதாவது வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் சோதனை. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும். ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பெண்ணால் சிமிட்ட முடியாது. உயிரோடு இருக்கும் ஆள் என்பதை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, நீதிமன்றம் 20 உத்தரவுகள் போட்டது. அந்த விதிமுறையை எழுதியவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அதைத் தோன்றவைப்பதுதான் உங்கள் வேலை. அதற்கு உபன்யாசம் எழுதாதீர்கள், அரைப் பக்கம் போதும். இந்த உத்தரவு யாருக்குக் கூடுதலாக அடிக்கும், அடியைக் குறைக்க வழி உண்டா, வழி இருந்தும் வேண்டாம் என்றால் என்ன காரணம். எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வாயால் சொன்ன ஆலோசனை காற்றோடு போய்விடும்.

இன்னொன்று. உங்கள் நண்பர்கள் அரசு என்றால் ஒரே ஆள் என்று நினைக்கிறார்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை எதிர்த்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது உள்துறை அந்தப் பிரிவு வேண்டும் என்றது. சுகாதாரத் துறையின் கீழ் இருந்த எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போ, அந்தப் பிரிவு நோய்த் தடுப்புக்கே இடைஞ்சல் என்று பிரமாணப் பத்திரம் போட்டது. 2009 ஜூலையில் தன்பாலின உறவு குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, தனியார்தான் போனார்கள். 2012இல் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பேச, அது எங்கள் நிலைப்பாடே இல்லை என்று உள்துறை அன்றே மறுத்தது. கூத்துதான். ஆனால் மேல்முறையீடு வேண்டாம் என்று ஒரு கோப்பில் முடிவாகிறதே, அது தினமும் நடக்கக்கூடிய காரியம். தோற்ற கேஸையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மேலே கொண்டுபோவது துறைகளின் சுபாவம். தடுத்தால் ஒரு விதவையின் ஓய்வூதியம் சில வருடம் முன்னதாக வந்து சேரும். இதற்கு யாரும் மாலை போட மாட்டார்கள், செய்தித்தாளிலும் வராது.

நண்பர்களின் கேலி பாதி நியாயம். எதிர்த்தரப்பில் நின்று வழக்குப் போட ஆட்கள் இல்லையென்றால் நீங்கள் எழுதும் அரைப் பக்கத்தை எந்த அதிகாரியும் படிக்க மாட்டார். அவர்கள் மேல் இருக்கும் பயத்தில்தான் உங்கள் குறிப்புக்கு மரியாதை. ஆகவே அவர்களோடு சண்டை வேண்டாம்.

நேர்முகத்தில் கடைசியாக, "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இரண்டைக் கேளுங்கள். சட்டப் பிரிவின் கருத்து கோப்பில் முழுதாகப் போகுமா, அல்லது யாராவது சுருக்கி எழுதுவார்களா? மேல்முறையீடு வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு, மாற்றினால் காரணம் எழுத வேண்டுமா? பதில் மழுப்பலாக வந்தால் சீனியரிடமே இன்னும் கொஞ்ச நாள் இருங்கள்.

அன்புடன்.