ஆர் 0.55 வந்துவிட்டது, தொடர்பு உண்டா?

கேள்வி: வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவன் நான். 12 நெல் பாத்திகளில் குத்துக்கு எத்தனை தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) என்பதையும் பாத்தியின் மகசூலையும் குறித்தேன். இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு ஆர் = 0.55. பாதிக்கு மேல் இருப்பதால், தூருக்கும் மகசூலுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதலாமா?

பதில்: எழுத முடியாது. ஆர் 0.5-ஐத் தாண்டியதா என்பது ஒரு அளவுகோலே அல்ல. எத்தனை இணைகளிலிருந்து (பாத்திக்கு ஒரு தூர்-மகசூல் ஜோடி) அந்த 0.55 வந்தது என்று பார்க்க வேண்டும். தொடர்பே இல்லாத நிலையிலும் 12 பாத்திகளில் இவ்வளவு பெரிய ஆர் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? சோதனை கேட்பது இதைத்தான்.

12-இல் 2 போனால் 10. அதன் வர்க்கமூலம் 3.162, 0.55-ஆல் பெருக்கினால் 1.739. அடுத்து 1-இலிருந்து ஆரின் வர்க்கத்தை (0.3025) கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: 0.835. முதலில் வந்ததை இதனால் வகுத்தால் சோதனைக்கான எண் டி = 2.08. டி அட்டவணையில் 10-க்கான வரியில், 5 சதவீத இருமுனைச் சோதனைக்கு (தொடர்பு நேராக இருந்தாலும் எதிர்மறையாக இருந்தாலும் கணக்கில் எடுப்பது) 2.228 என்றிருக்கும். உங்கள் டி அதை எட்டவில்லை. மேலே கேட்ட தற்செயல் வாய்ப்பு, அதாவது பி மதிப்பு, ஏறத்தாழ 0.064.

30 பாத்திகளில் இதே 0.55 வந்திருந்தால் டி 3.48 ஆகியிருக்கும். அங்கே தேவைப்படுவது 2.048-தான், தாராளமாகத் தேறும்.

அதற்காகத் 'தொடர்பு இல்லை' என்றும் எழுதிவிடாதீர்கள். ஃபிஷர் முறையில் 95 சதவீத இடைவெளி (உண்மையான ஆர் இருக்கக்கூடிய வரம்பு) கணக்கிட்டால் −0.03 முதல் 0.85 வரை வருகிறது. ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதும் வலுவான தொடர்பு என்பதும் அதற்குள்ளேயே அடக்கம். 12 பாத்தி போதவில்லை, அவ்வளவுதான். ஆய்வேட்டில் ஆர், இணைகளின் எண்ணிக்கை, பி, இந்த இடைவெளி நான்கையும் கொடுங்கள்.

கேள்வி: ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனை போட்டால் டி 1.812 போதுமாமே? இல்லையென்றால், ஒவ்வொரு பாத்தியிலும் 3 இடங்களில் தூர் எண்ணியிருப்பதால் 36 இணை என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 'தூர் கூடினால் மகசூல் கூடும்' என்று அளவெடுக்கும் முன்பே எழுதிவைத்திருந்தால் ஒருமுனைச் சோதனைக்கு நியாயம் உண்டு. 2.08 வந்ததைப் பார்த்தபின் அட்டவணையில் பத்தியை மாற்றுவது, பந்து போன இடத்தில் கோல் கம்பத்தை நடுவது.

36 என்பது இன்னும் மோசம். ஒரே பாத்தியின் 3 இடங்களுக்கும் மண், நீர், உரம் ஒன்று. மகசூலும் ஒரே எண்தான். மூன்றின் சராசரியை எடுத்து 12 இணையாகவே வையுங்கள்.

உயரம், கதிர் நீளம் என்று 10 பண்புகளை அளந்து எல்லா ஜோடிகளையும் சோதிப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: 45 ஜோடிகள் வரும். உண்மையில் எதிலும் தொடர்பு இல்லாவிட்டாலும், 5 சதவீத நிலையில் சராசரியாக இரண்டு ஜோடி 'தேறிவிடும்'.

கேள்வி: வரைபடம் அவசியமா? எக்ஸெல்லில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: வரைபடம்தான் முதல் வேலை. 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 11 புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் ஆர் ஏறத்தாழ 0.816, சோதனையில் நான்குமே தேறும். வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு. இன்னொன்றில் 10 புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க, தள்ளிக் கிடக்கும் 11-வது புள்ளி ஒன்றே மொத்தத் தொடர்பையும் உண்டாக்குகிறது. அதை எடுத்துவிட்டால் ஆரைக் கணக்கிடவே முடியாது.

எக்ஸெல்லில் ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினால் இணைகள் கலைந்துவிடும். ஆர் எண்ணாக வந்துகொண்டுதான் இருக்கும், சந்தேகமே வராது. மகசூல் எடுக்காத பாத்திக்கு 0 போடாமல் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்போது இணைகளின் எண்ணிக்கையிலும் ஒன்றைக் குறைக்க வேண்டும். ஆர் எதிர்மறையாக வந்தால், இருமுனை பி தரும் சார்புக்குள் டி-யைக் குறி நீக்கிக் கொடுங்கள். கழித்தல் குறியோடு கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும்.