நாற்பது படிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர்தான். காரை விட்டுவிட்டு மிதிவண்டியில் போகலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவும் மனைவியும் பயப்படுகிறார்கள். வெயில் வேறு. நெதர்லாந்தில் இதெல்லாம் நடக்கும். பணக்கார நாடு, சமதளம், மக்களிடம் ஒழுக்கம் இருக்கிறது. இங்கே கோடிக்கணக்கில் செலவழித்து நடைமேம்பாலம் கட்டிக்கொடுத்தாலும் அதன் அடியிலேயே சாலையைக் கடக்கிறார்கள். நடைபாதை போட்டால் கடை விரித்துவிடுகிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் ஒரு காருக்குத்தான் இடம் என்பதால் இரண்டாவது காரை வெளியே நடைபாதையை ஒட்டி நிறுத்துகிறோம். அங்கும் தள்ளுவண்டிகள் வந்து மறிக்கின்றன. சாலையைத் திருத்துவதற்கு முன் மக்களை அல்லவா திருத்த வேண்டும்? நான் மிதிவண்டி வாங்கலாமா?

சரவணன்,
சென்னை

அன்புள்ள சரவணன்,

ஆறு கிலோமீட்டருக்குக் கார் வேண்டாம் என்று ஒருவருக்குத் தானாகவே தோன்றுவது இந்தக் காலத்தில் நல்ல விஷயம். உங்கள் அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் நடைமேம்பாலத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் உடனே வாசிக்க முடியவில்லை. சில மாதங்களாக என் மனத்தில் கிடந்து அரிக்கிற விஷயம் அது. எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. சாலையின் நடுவில் இடுப்புயரத்துக்குக் கான்கிரீட் தடுப்பு எழுப்பி, சற்றுத் தள்ளி ஒரு நடைமேம்பாலமும் கட்டினார்கள். 78 வயதான என் அம்மாவைப் பொறுத்தவரை அன்றோடு அந்தக் கடை வேறு ஊருக்குப் போய்விட்டது.

சிலவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வெயிலை ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள். கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாரும், உங்கள் அடுக்ககத்துக்கு இரவுக் காவலுக்கு வருகிறவரும், விடியற்காலையில் பேப்பர் போடுகிறவரும் இந்த ஊரில் பல காலமாக மிதிவண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவர்களை மிதிவண்டி ஆர்வலர்கள் என்று அழைப்பதில்லை. நெதர்லாந்தைப் பற்றி நீங்கள் சொல்வதும் கதைதான். 1971இல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் செத்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்றே பெயர் வைத்து ஓர் இயக்கம் தொடங்கி, பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் கூடச் சேர்ந்துகொள்ள, அரசு வழிக்கு வந்தது. தெருவை மாற்றிக் கட்டினார்கள். நீங்கள் மெச்சுகிற ஒழுக்கம் அந்தத் தெருவில்தான் வளர்ந்தது.

தள்ளுவண்டிக்காரர்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கென்று 2014இல் ஒரு மத்தியச் சட்டமே வந்துவிட்டது. நகர விற்பனைக் குழு அமைத்து அவர்களுக்கு முறையாக இடம் ஒதுக்க வேண்டியது உள்ளாட்சியின் வேலை. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணிடம், இட்லிக் கடை விளக்கு எரிகிற நடைபாதை வேண்டுமா, கார்கள் வரிசையாக நிற்கிற இருட்டு நடைபாதை வேண்டுமா என்று கேட்டுப்பாருங்கள். அப்புறம், ‘நடைபாதையை ஒட்டி’ நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நடைபாதையில் நிற்கும் தள்ளுவண்டி, நடைபாதையை ஒட்டி நிற்கும் காரை எப்படி மறிக்கும்? உங்கள் கார் நடைபாதையின் மேலேதான் ஏறி நிற்கிறது என்பதை உங்கள் வாக்கியமே சொல்லிவிட்டது. பஜ்ஜி போடுகிறவர் ஆக்கிரமிப்பாளர், நீங்கள் மட்டும் இடநெருக்கடியால் அவதிப்படுகிறவர், அப்படித்தானே? உங்கள் மேல் கோபமில்லை, தம்பி. ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

இனி நடைமேம்பாலம். அதன் அடியில் லாரி போக வேண்டும் என்பதற்காக ஐந்தரை மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறுவதற்கு நாற்பது படிகள், இறங்குவதற்கு நாற்பது படிகள். மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புகிறவர் நூற்றறுபது படிகளை மிதிக்க வேண்டும். மின்தூக்கி வைத்த பாலங்களும் உண்டு. எங்கள் பகுதியில் இருப்பதன் கதவில் ஒரு சங்கிலியும் பூட்டும் தொங்குகின்றன, பூட்டு துருப்பிடித்துவிட்டது. இந்தப் பாலம் நடப்பவருக்காகக் கட்டப்பட்டது என்றால், அவர் ஏன் இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, கார் ஏன் ஓர் அங்குலம்கூட ஏற வேண்டியிருக்கவில்லை? காரை நிறுத்தாமல் இருப்பதற்காகக் கட்டிய பாலம் அது. செலவுக் கணக்கு மட்டும் பாதசாரி பெயரில் எழுதப்படுகிறது.

நிறுத்தினால்தான் என்ன ஆகிவிடும்? இருபது மீட்டர் அகலச் சாலையைச் சாதாரணமாக நடக்கிற ஒருவர், நொடிக்கு 1.2 மீட்டர் என்ற கணக்கில், பதினேழு நொடியில் கடந்துவிடுவார். என் அம்மாவைப் போல நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவருக்கு இருபத்தைந்து நொடி ஆகும். குளிரூட்டிய காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் இருபத்தைந்து நொடியைக் காப்பாற்றுவதற்காக, முழங்கால் தேய்ந்த ஒரு மனுஷியிடம் அந்தப் படிகளையெல்லாம் ஏறச் சொல்கிறோம். ஏற முடியாமல் அவர் கீழே கடந்தால் ஒழுக்கம் இல்லை என்கிறோம்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பாலம் வந்த பிறகு குறுக்கே யாரும் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வண்டிகளின் வேகம் கூடிவிடுகிறது. வேகம் கூடினால் என்ன ஆகும் என்பதைத் தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஒரு நொடியாவது வேண்டும். அதன் பிறகு ஐந்து மீட்டருக்குள் கார் நின்றுவிடும். அதாவது பதின்மூன்று பதினான்கு மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், 30இல் வருகிற கார் அதன்மேல் மோதாமல் நின்றுவிடலாம், இல்லையென்றால் தொட்டு நிற்கும். அதே கார் 50இல் வந்தால் அந்த ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட பதினான்கு மீட்டர் ஓடிவிடுகிறது. ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும்போது குழந்தை இருந்த இடத்துக்குக் கார் வந்திருக்கும், அதுவும் சற்றும் குறையாத வேகத்தோடு. அந்த ஓட்டுநர் குடித்திருக்க வேண்டியதில்லை, செல்பேசி பார்த்திருக்க வேண்டியதில்லை. உங்களைப் போன்ற ஒழுக்கமான மனிதராகவே இருக்கலாம். மறுநாள் செய்தியில் ‘நடைமேம்பாலத்தைப் பயன்படுத்தாமல் சாலையைக் கடக்க முயன்றபோது’ என்று வரும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். அவர்கள் எல்லாரையும் திருத்திவிட்டுத்தான் சாலையில் கைவைக்க வேண்டும் என்கிறீர்களா?

தி.நகர் ஆகாய நடைபாதையை நீங்கள் எனக்கு எதிராகச் சொல்லலாம். 2023இல் திறந்த அந்தப் பாலம் ஏறத்தாழ 570 மீட்டர் நீளத்துக்கு மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. பண்டிகைக் காலத்து ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் போக முடிகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தண்டவாளத்தைக் கடக்க எப்படியும் மேலே ஏறுகிறவர்களுக்கு அது அப்படியே தொடர்கிற வழி, நகரும் படிக்கட்டும் மின்தூக்கியும் இருக்கின்றன. சாலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறவரை வானத்துக்கு அனுப்புவது வேறு சங்கதி.

நம் மக்களுக்கு ஒழுக்கம் வராது என்பவர்களைச் சிறிது தூரம் நடந்து பாண்டி பஜாருக்குப் போகச் சொல்வேன். 2019 நவம்பரில் அங்கே வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து, இரு பக்கமும் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். அங்கே நடப்பவர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவில்லை. மற்ற சாலைகளில் நடைபாதையை விட்டு இறங்கி நடக்கிற அதே ஜனங்கள்தான், அங்கே கல்பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கிறார்கள். மற்ற இடங்களில் ஏன் இறங்குகிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருமுனை நடைபாதையின் விளிம்பு என் முழங்காலின் பாதி உயரம். ஏறி நாலு எட்டு வைத்தால் மின்வாரியத்தின் பெட்டி, அதைச் சுற்றிப் போனால் பெயர்ந்து கிடக்கும் மழைநீர் வடிகால் மூடி, அதையும் தாண்டினால் ஒரு வீட்டுக்காரர் தன் கார் ஏறுவதற்காகப் போட்டிருக்கும் சரிவு. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை, தடையின்றி நடக்க 1.8 மீட்டராவது வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. சென்னை மாநகராட்சி 2014லேயே ஒரு கொள்கை அறிவித்து, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவதாக எழுதிவைத்தது. காகிதத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

என் அம்மாவை வெறும் முழங்கால் வலிக்காரியாக நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991, 92 வாக்கில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த சமயம். மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. வயது நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் வண்டி கிடைக்காததால் ஆண்கள் வண்டிதான். புடவையைத் தூக்கிச் செருகி, வாய்க்கால் மதகின் மேல் ஒரு காலை ஊன்றி, குறுக்குக் கம்பியைத் தாண்டி மறு காலைப் போடுவாள். கொசுவத்தின் ஓரம் சங்கிலியில் சிக்கிக் கறுப்பு மசகு அப்பிக்கொள்ளும். ராத்திரி மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பாள், போகாது. ‘இந்த வயசுல எதுக்கு’ என்று கேட்ட பாட்டியிடம், ‘பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல போயிட்டு வந்துருவேன்’ என்று மட்டும் சொன்னாள். பின்னால் இரண்டு குடம், முன்கம்பியில் என் தம்பி. அவளுக்கு யாரும் தனித்தடம் போட்டுக் கொடுக்கவில்லைதான். ஆனால் எங்கள் ஊர்ச் சாலையில் அவளைவிட வேகமாக வந்தது நாளுக்கு நாலு நடை போகிற டவுன் பஸ் மட்டும்தான். அதன் ஓட்டுநருக்கு இவளைப் பெயர் சொல்லித் தெரியும். இன்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாக மிதிவண்டி கொடுக்கிறது, கொடுத்துவிட்டு அவர்களை நாலுவழிச் சாலையின் ஓரத்தில் மணல் லாரிக்குப் பக்கத்தில் ஓட்ட விடுகிறது. வண்டியைக் கொடுத்தவர்களுக்கு வழியையும் கொடுக்கத் தோன்றவில்லை.

நீங்கள் மிதிவண்டி வாங்குவதோடு ஒரு மனுவும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு எதிரிலுள்ள சாலை எந்தத் துறையின் பொறுப்பு என்று முதலில் விசாரியுங்கள். அதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. பாலத்தின் அடியில், ஜனங்கள் ஏற்கெனவே கடக்கிற அதே இடத்தில், நடைபாதையின் உயரத்துக்கே மேடாக்கிய கடவுப்பாதையும் பாதசாரி சிக்னலும் கேளுங்கள். சிக்னலின் நேரத்தைக் கல்லூரிப் பையனின் நடைக்கு வைக்காமல், சாலையின் அகலத்தை 0.8ஆல் வகுத்து வைக்கச் சொல்லுங்கள். நடுத்திட்டில் ஒரு சக்கர நாற்காலி நின்று காத்திருக்கும் அளவுக்கு இடைவெளி வேண்டும். சந்திப்பில் ‘ஃப்ரீ லெஃப்ட்’, அதாவது வண்டிகள் சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்புகிற வழி, இருந்தால் மூடச் சொல்லுங்கள். பச்சை விளக்கை நம்பி இறங்குகிறவரை இடப்பக்கமிருந்து வந்து இடிப்பது அதுதான். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருப்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். உடைந்து வந்த எலும்புகளை ஒட்டி ஒட்டிச் சலித்த ஒருவர்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவையும் குறிப்பிடுங்கள். தரநிலையை மீறிய வடிவமைப்பால் உயிர் போனால் அதற்குப் பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும். ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது கேவலம்தான், இருந்தாலும் கோப்பில் அந்த எண்ணைப் பார்த்தால் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார்.

மிதிவண்டியைப் பொறுத்தவரை, இருபத்தொரு கியர் வைத்த வண்டியெல்லாம் வேண்டாம். மட்கார்டு, கேரியர், மணி, பின்பக்கம் நன்றாகத் தெரிகிற சிவப்பு விளக்கு, இவை இருந்தால் போதும். முதல் ஒரு மாதம் பெரிய சாலையைத் தவிர்த்து உட்தெருக்கள் வழியாகப் போங்கள். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. முதல் நாள் அம்மாவிடம் எந்த வழியாகப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாவது காரை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நடைபாதையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

அன்புடன்.