ஒன்றரை அடி ரீஃப் தொட்டிக்கு எல்இடி விளக்கை வீட்டிலேயே செய்தால் பவளம் பிழைக்குமா?

பிழைக்கும், நன்றாகவே வளரும். ரீஃப் தொட்டியின் (கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி) விலையைவிட விளக்கின் விலை அதிகமாக இருக்கிறது, மென்பவளங்கள் (கல் கூடு கட்டாத வகைகள்) மட்டும்தான் வைக்கப் போகிறேன், நானே செய்தால் ஒளி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் என் வீட்டுத் தொட்டி 45×30×30 செ.மீ. அளவு, ஏறக்குறைய 40 லிட்டர். அதன் மேல் தொங்குவது நானே ஒயர்களை சால்டர் செய்து உருவாக்கிய விளக்குதான். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கவலையைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். இந்த அளவுத் தொட்டியில் எல்இடி வெளிச்சம் போதாமல் பவளம் சாவது அரிது. வெளிச்சம் அளவுக்கு மீறி வெளுத்துப் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. அதனால் விளக்கை எவ்வளவு பிரகாசமாகச் செய்வது என்று யோசிப்பதை விட, எவ்வளவு நிதானமாகக் கூட்டிக் குறைக்க முடியும் என்று யோசித்துச் செய்யுங்கள். டிம்மிங் இல்லாத விளக்கைப் பவளத்தின் மேல் மாட்டவே வேண்டாம் என்பேன்.

காரணம் நம் கண். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உள்ள பச்சையை. 450 நானோமீட்டர் நீலத்தில் அந்த உணர்திறன் 4 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பவளத் திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் ஸூசாந்தெல்லே நுண்பாசிக்கோ அந்த நீலம்தான் முக்கியம். அதிலுள்ள பச்சையம்-ஏ 430 அருகிலும், பச்சையம்-சி 450 அருகிலும், பெரிடினின் என்ற நிறமி 480-ஐத் தாண்டியும் ஒளியைப் பிடிக்கின்றன. ஆக, நமக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கு பவளத்துக்கு உச்சி வெயிலாக இருக்கலாம். "இன்னும் கொஞ்சம் கூட்டினால் நன்றாகத் தெரியுமே" என்று கண்ணை நம்பிக் கூட்டுவது ஆபத்து. மொபைலில் இருக்கும் லக்ஸ் ஆப்பும் கண்ணின் கணக்குப்படிதான் அளக்கிறது. நீலம் மிகுந்த விளக்குக்கு அது காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சரி, என்னென்ன எல்இடி? நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் ஒட்டி வரும் 3 வாட் எல்இடிகள் 14 போதும். எட்டை நீலத்துக்கு ஒதுக்குங்கள்: ஆறு ராயல் ப்ளூ (450 நானோமீட்டர்), இரண்டு சாதா நீலம் (470). மீதி ஆறில் நான்கு வெள்ளை, இரண்டு வயலட் (420). சிவப்பும் பச்சையும் தனியாக வேண்டாம். வெள்ளை எல்இடியிலேயே தேவையான அளவு இருக்கிறது, மேற்கொண்டு சிவப்பு சேர்த்தால் கண்ணாடியில் பாசி சுரண்டும் வேலைதான் கூடும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பெயரில்லாத 3 வாட் எல்இடிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை 700 மில்லி ஆம்பியரில் ஓட்டாமல் 350-இல் ஓட்டுங்கள். கிரீ, ஓஸ்ராம் போன்ற நிறுவனங்களின் அசல் கிடைத்தால் ராயல் ப்ளூவுக்கு மட்டுமாவது அதை வாங்குங்கள். வயலட் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது, பவளத்தின் ஒளிர்நிறங்கள் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

எட்டு நீலமும் ஒரே வரிசை, ஆறு வெள்ளை-வயலட் இன்னொரு வரிசை. ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸுக்குப் போகும் தொடர் இணைப்பு. ஓர் எல்இடிக்கு ஏறக்குறைய 3.2 வோல்ட் என்றால் எட்டுக்கு 25.6 வோல்ட். 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு ஏசி கரண்ட்டை டிசியாக மாற்றும் பெட்டி) ஒன்று இரண்டு வரிசைக்கும் தாராளம். எல்லாம் அசல் எல்இடிகளாக இருந்து, நீலத்தை 700 மில்லி ஆம்பியரிலும் வெள்ளையை 500-இலும் ஓட்டினால் மொத்தம் ஏறக்குறைய 28 வாட். பெயரில்லாதவை கலந்த வரிசைக்கு 350-தான்.

எஸ்எம்பிஎஸ்ஸை நேரடியாக எல்இடியில் கொடுக்கக் கூடாது. எல்இடி சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்டேஜ் குறையும். வெளியே வோல்டேஜ் அப்படியே நின்றால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் இன்னும் சூடாகும், கடைசியில் கருகும். நடுவில் கரண்ட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் டிரைவர் வேண்டும். மீன்வெல் எல்டிடி-700ஹெச், எல்டிடி-500ஹெச் இரண்டும் இதற்கென்றே செய்தவை போல இருக்கும். கட்டைவிரல் அளவுதான், 9 முதல் 56 வோல்ட் வரை உள்ளே கொடுக்கலாம், பிடபிள்யூஎம் சிக்னலில் (வேகமாக அணைத்து எரியவிடும் துடிப்பு) டிம் செய்யலாம். உள்ளே கொடுக்கும் வோல்டேஜ் எல்இடி வரிசையின் மொத்தத்தைவிட மூன்று நான்கு வோல்ட்டாவது கூடுதலாக இருக்கட்டும்.

இந்த டிரைவரில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. எல்இடி வரிசையின் மைனஸை எஸ்எம்பிஎஸ் மைனஸோடு சேர்க்கக் கூடாது. இரண்டும் மைனஸ்தானே என்று கை தானாகச் சேர்க்கப் போகும், டிரைவர் போய்விடும். அடுத்தது, பவர் இருக்கும்போது எல்இடி ஒயரைக் கழற்றி மாட்டாதீர்கள். கழன்ற நொடியில் டிரைவரின் வெளியீட்டு வோல்டேஜ் மேலே ஏறி நிற்கும், திரும்ப மாட்டினால் அது மொத்தமாக எல்இடியில் பாயும். டிம் காலை (அந்த டிம் சிக்னல் உள்ளே போகும் முனை) எதிலும் இணைக்காமல் விட்டால் டிரைவர் முழு வெளிச்சத்தில் எரியும். ஆர்டினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் நேரம் வைத்து ஓட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது ஆர்டினோ விழித்துக்கொள்ளும் வரை அந்தக் கால் அந்தரத்தில்தான் இருக்கும். டிம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு, ஆர்டினோவைக் கழற்றிய நிலையில் விளக்கு அணைந்தே இருக்கிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒயர்களைப் பற்றவைப்பதில் (சால்டரிங்) ஒரு நுணுக்கம். நட்சத்திரத் தகடு அலுமினியம் என்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டு) ஒட்டிவிட்டுப் பற்றவைக்கப் பார்த்தால் 25 வாட் அயனில் ஈயம் உருகி ஓடாது, உருண்டையாக நிற்கும். அது ஒட்டியது போல் தெரியும், ஒயரை இழுத்தால் கையோடு வரும். எனவே தகட்டை ஒரு மரப்பலகையில் வைத்து, 60 வாட் அயனால் முதலில் ஒயர் ஒட்டும் எல்லாப் பட்டைகளிலும் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். ஈயம் தட்டையாகப் பரவிப் பளபளத்தால் சரி. ஒயர் முனைகளுக்கும் பூசி வையுங்கள். அதற்குப் பிறகு ஹீட்சிங்க் கம்பவுண்டை மெல்லிய படலமாகத் தடவித் தகடுகளைத் திருகி, ஒயரை வைத்து ஒரு தொடு தொட்டால் பிடித்துக்கொள்ளும். கம்பவுண்டை அள்ளி அப்ப வேண்டாம், இடைவெளியை நிரப்பினால் போதும். முடித்ததும் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனை ஹீட்சிங்கில், மறுமுனை ஒவ்வொரு பட்டையிலும் தொட்டுப் பாருங்கள். எங்காவது பீப் கேட்டால் அங்கே ஒயர் இழையோ திருகின் தலையோ உரசுகிறது. அதைச் சரிசெய்யாமல் பவர் கொடுக்காதீர்கள்.

ஹீட்சிங்குக்கு அலுமினியம் செக்ஷன் விற்கும் கடையில் துடுப்பு வைத்த பட்டை ஓர் அடி நீளத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். 28 வாட்டில் பாதி அளவு சூடாகத்தான் வெளியேறும். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும் என்பதால் பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை மேலே வைத்துக் காற்றை மேல்நோக்கித் தள்ள விடுங்கள். ஒரு மணி நேரம் எரிந்த பிறகு ஹீட்சிங்கில் கையை வைத்து நிதானமாக ஐந்து எண்ண முடிந்தால் பயமில்லை. தண்ணீர் சூடாவது தனிக் கதை. ரீஃப் தொட்டி 26 டிகிரி அருகே இருக்க வேண்டும், நம் ஊர்க் கோடையில் அதுதான் விளக்கைவிடப் பெரிய சவால். தண்ணீரின் மேல் காற்று படும்படி இன்னொரு ஃபேன் வைத்தால் ஆவியாதலால் ஓரிரு டிகிரி இறங்கும். காற்றில் ஈரப்பதம் ஏறும் நாட்களில் அதுவும் பெரிதாக உதவாது.

உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து ஏறும் இடமெல்லாம் செம்பைத் தின்றுவிடும். எல்இடிகளுக்குக் கீழே 3 மி.மீ. அக்ரிலிக் தகடு ஒன்றைத் திருகி மூடுங்கள், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். லென்ஸ் தேவையில்லை. ஓர் அடி ஆழத் தொட்டிக்கு லென்ஸ் போட்டால் ஒளி ஒரே இடத்தில் குவிந்து, அங்கிருக்கும் பவளம் வாடும். எஸ்எம்பிஎஸ்ஸை மூடிய டப்பாவில் வைத்து, தொட்டிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ இல்லாமல் தள்ளி மாட்டுங்கள். பிளக்குக்கு வரும் ஒயர் சற்றுத் தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஹீட்சிங்குக்கும் எஸ்எம்பிஎஸ் உடலுக்கும் எர்த் கட்டாயம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் விளக்கு வேலையைத் தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போடுங்கள். கையை உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு செய்யும் பொழுதுபோக்கு இது, இதில் சமரசம் கிடையாது.

பவளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவிலிருந்தோ வேறு நம் கடலிலிருந்தோ எடுத்த கல்பவளத்தை, செத்த துண்டாக இருந்தாலும், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தப் பவளத்திட்டுகள் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளுத்து அடிபட்டவை, நம் தொட்டிக்காக இன்னொரு அடி வேண்டாம். ஸோவாந்தஸ், மஷ்ரூம் போன்ற கல் கூடு கட்டாத வகைகளை வேறு தொட்டிகளில் வளர்ப்பவர்கள் வெட்டிக் கொடுக்கும் துண்டுகளாக வாங்கலாம். உங்கள் விளக்குக்கும் அவைதான் சரியான ஜோடி. பாறைக்குப் பீங்கானில் செய்தது போதும்.

இவற்றுக்கு வேண்டிய ஒளி சதுர மீட்டருக்கு விநாடிக்கு 50 முதல் 150 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு). இதை அளக்கும் 'பார்' மீட்டர் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் ஒரு மாலை இரவல் வாங்கி, மணல் மட்டத்தில், நடுப்பாறையில், உச்சியில் அளந்து, எந்த டிம்மிங் சதவீதத்துக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக வாங்கும் விலையில் அது இல்லை. மீட்டர் கிடைக்காவிட்டால் தண்ணீருக்கு ஓர் அடி உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டு, நீலம் 25 சதவீதம், வெள்ளை 10 சதவீதம் என்று தொடங்குங்கள். வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். நீலம் 8 முதல் 9 மணி நேரம், வெள்ளை நடுவில் 4 மணி நேரம் எரிந்தால் போதும். மேசையில் சோதிக்கும்போது எரியும் எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள், குறிப்பாக வயலட்டை. மங்கலாகத்தான் இருக்கிறது என்று கண் சொல்வது இங்கேயும் பொய்.

பிறகு பவளமே சொல்லும். ஸோவாந்தஸ் காம்பு நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. மூடியே கிடந்தாலோ, மஷ்ரூம் ஓரம் சுருங்கி நிறம் வெளிறினாலோ ஒளி அதிகம். அன்றே 10 சதவீதம் குறைத்துவிட்டு, இரண்டு வாரம் வேறு எதையும் மாற்றாமல் பாருங்கள். உப்பின் அளவையும் வெப்பநிலையையும் அதே நாளில் சோதித்துவிடுங்கள், ஏனென்றால் அவை தப்பினாலும் ஸோவாந்தஸ் இதே மாதிரிதான் மூடிக்கொள்ளும்.