ஆக்‌ஷன் கேமராவில் ரெக்கார்டிங் தானாகவே நின்றுபோவது ஏன்?

பெரும்பாலும் கேமரா பழுதில்லை. மெமரி கார்டின் எழுதும் வேகம் போதவில்லை. எழுதும் வேகம் என்பது ஒரு நொடியில் கார்டு எவ்வளவு தகவலை வாங்கிச் சேமிக்கும் என்பது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே (மிகத் துல்லியமான படத்தரம்) வீடியோ எடுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட் வந்துகொண்டே இருக்கும் (8 மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட்).

தண்ணி லாரி குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் நிற்காது, குடத்தை மாற்றுகிற கை கொஞ்சம் தாமதித்தால் தெருவெல்லாம் தண்ணீர். கேமராவோ சிந்த விடாமல் குழாயையே மூடிவிடுகிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கார்டு வாங்கும்போது மேலே பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் படிக்கும் வேகம். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘வி30’ இருக்கிறதா பாருங்கள்: குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்று அர்த்தம். வீடியோக்களை நகலெடுத்துவிட்டு, கார்டை கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

இன்னொரு காரணம் சூடு. வீட்டில் ஃபேனுக்கு அடியில் வைத்து அதே 4கேயில் ஓட விடுங்கள். அங்கேயும் நின்றால் கார்டைச் சந்தேகிக்கலாம். வீட்டில் ஓடி, வண்டியில் மாட்டிக்கொண்டு போகும்போது மே மாத மத்தியானம் சிக்னலில் மட்டும் ரெக்கார்டிங் நின்றால் சூடுதான். வண்டி நின்றதும் கேமராவைக் குளிர்விக்கும் காற்றும் நின்றுவிடுகிறது. 4கேயைவிடக் குறைந்த தரமான 1080பிக்கு இறக்குங்கள், வண்டி நிற்கும்போது ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள்.

64 ஜிபிக்குப் பதில் 256 ஜிபி போட்டால் சரியாகிவிடும் என்பது தவறு: கொள்ளளவு வேறு, வேகம் வேறு.