தோட்டா நிரப்பும் பிரஸ்: மச்சானின் மிரட்டலுக்குப் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். வாப்பா மவுத்தான பிறகு அவருடைய .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல் ரைபிள் முறைப்படி என் லைசென்ஸுக்கு மாறியது. தோட்டா கிடைக்காததால், மச்சான் வாங்கித் தந்த பிரஸ், டை (உறையை வடிவமைக்கும் அச்சு), காலித் தோட்டா உறைகளை வைத்து நானே நிரப்புகிறேன். இப்போது தென்னந்தோப்பில் தங்கைக்குப் பங்கு தராவிட்டால் போலீஸில் சொல்லிவிடுவேன் என்கிறார். மிரட்டல் வழக்கு போடலாமா?

பதில்: போடாதீர்கள். எதைச் சொல்லி மிரட்டினார் என்று புகாரில் நீங்களே எழுதித் தர வேண்டும்.

படைக்கலச் சட்டம் 1959-இன் 2(1)(பி) பிரிவில் தோட்டாவின் பாகங்களும் தயாரிக்கும் எந்திரமும் தோட்டாவாகவே கருதப்படும். உங்கள் லைசென்ஸ் வைத்திருக்கத்தான். தயாரிக்க 5-ஆம் பிரிவு உரிமம் தனி. அது இல்லையென்றால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கான 3-ஆம் பிரிவு வழக்குக்கு கலெக்டர் அனுமதி தேவை. இதற்கு அந்தத் தடுப்பும் கிடையாது.

ஒற்றைக் காலி உறையை அலங்காரத்துக்கு வைத்தவர் 45(டி) பிரிவைக் காட்டித் தப்பலாம். உங்கள் மேசையில் உறை, அதற்குப் பொருந்தும் 500 கிரெயின் குண்டு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, தராசு எல்லாம் சேர்ந்தே இருக்கும். கார்டைட் என்ற பழைய வெடிமருந்தின் காலத்துப் பெரிய உறையில் இன்றைய மருந்து நிறையாததால் மேலே திணிக்கும் ஃபோம் துண்டுகூட உங்களுக்கு எதிராகப் பேசும். இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்க வேண்டுமென்று மருந்தைக் கூட்டிக் குறைத்துக் குறித்து வைத்த நோட்டு இருந்தால், அரசுத் தரப்புக்கு வேறு சாட்சி எதற்கு?

ஊரும் சாதாரண ஊரல்ல. 2018-இல் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழியில் தோட்டாப் பெட்டிகள் கிடைத்த கடற்கரை இது. மருந்து டப்பாவைப் பார்த்தால் மீனுக்கு வெடி போடவா, அக்கரையில் இலங்கைக்கா என்றுதான் முதல் கேள்வி வரும். போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவும் வந்து உட்காரும்.

வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது, ராவோடு ராவாகக் கடலில் போடுவது. அது தடயத்தை மறைத்த குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 238. பழைய வழக்கோடு இதுவும் சேரும். அடுத்தது, ‘போலீஸுக்குப் போகமாட்டேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது. ஒப்பந்தச் சட்டம் 23-இன்படி அது செல்லாது; உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக மட்டும் செல்லும்.

நிரப்புவதை இன்றே நிறுத்துங்கள். கிரிமினல் வக்கீலைப் பார்த்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் முன்ஜாமீன் தேவையா என்று முடிவு செய்தபின், அவர் மூலமாகவே சாமான்களைப் பட்டியலோடு போலீஸில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். படைக்கலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஒப்படைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பு சட்டப்படி இருந்து பிறகு அந்தத் தகுதி போன பொருளுக்கானது அது.

தோப்பைக் கொடுத்துவிடுங்கள். உம்மா இருந்தால் எட்டில் ஒன்று போக, மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. தங்கை கேட்பது அவருடைய ஹக்கு, உரிமை. சிவில் கோர்ட்டிலும் தோற்கத்தான் போகிறீர்கள். பாகப்பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். ரைபிளைப் பற்றி அதில் ஒரு வரிகூட வேண்டாம்.