பீக்கின் நோட்டு ஓரங்கள்

அன்புள்ள சார்,

போன மாதம் மெர்வின் பீக் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். ஓவியர், நாவலாசிரியர், கவிஞர், நாடகாசிரியர், குழந்தைகளுக்குக் கதை சொன்னவர் என்று அடுக்கியிருந்தீர்கள். எனக்கு என் மகள் ஞாபகம் வந்துவிட்டது. கவின்கலைக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். நன்றாக வரைவாள். இரண்டு வருடமாக நாடகமும் எழுதுகிறாள். நாடகம் எழுதும் நோட்டின் ஓரமெல்லாம் படம்தான். "முதலில் ஒன்றை ஒழுங்காகச் செய்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது அவள் தாத்தாவின் தினசரிப் பாட்டு. பீக்கைப் பற்றி மேலும் தேடிப் படித்தேன். பணக்கஷ்டம், நாடகம் தோல்வி, நோய், 57 வயதில் மரணம். தாத்தா சொல்வது சரிதானோ என்று பயம் வந்துவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.,
தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

பீக்கின் வாழ்க்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும். நாம் கொஞ்சம் நடுவிலிருந்து படித்துப் பார்ப்போம்.

அவருடைய முதல் நாவலில் பிளே என்று ஒரு ஆள் வருகிறான். கோர்மென்காஸ்ட் என்ற மாபெரும் கோட்டையில், பிரபுவின் அறை வாசலிலேயே கிடக்கும் வேலைக்காரன். எலும்பும் தோலுமாக நெட்டையாக இருப்பான். நடக்கும்போது அவன் முழங்கால்கள் சொடக்குப் போடுவதுபோல ஒவ்வொரு அடிக்கும் சத்தம் எழுப்பும். கோட்டையின் நீண்ட நடைகளில் ஆள் வருவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். அவனுக்கு எதிரி தலைமைச் சமையல்காரன் ஸ்வெல்டர், மலைபோன்ற உடம்புக்காரன். அவன் தன்னைக் கொல்ல வெட்டுக்கத்தியைத் தீட்டுகிறான் என்று பிளேவுக்குத் தெரியவருகிறது. இனி ஸ்வெல்டருக்குத் தெரியாமல் அவனைக் கண்காணிக்க வேண்டும். முழங்கால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடுமே! துணியைக் கிழித்து இரண்டு முழங்கால்களிலும் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்கிறான். அதுவரை சத்தமாகவே நமக்குப் பழகிப்போன ஒருவன் அன்று இரவு சத்தமில்லாமல் நடக்கிறான். அந்த இடத்தைப் படித்தபோது நான் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

இதில் எது ஓவியருடையது, எது நாடகாசிரியருடையது, எது கதைசொல்லியுடையது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். கோணலும் மாணலுமான அந்த உடம்பு ஓவியர் கண்டது. சத்தத்தைக் கொண்டே ஒருவனை மேடைக்கு அழைத்துவருவது நாடகக்காரரின் கை. அந்தச் சத்தத்தைப் பல பக்கங்கள் கழித்து ஆபத்தாக மாற்றுவது கதைசொல்லியின் பொறுமை. மூன்றும் இல்லாமல் பிளே இல்லை.

அவர் இந்த நாவலை எழுதியது எப்படி என்று தெரிந்தால் உங்கள் மகளுக்குச் சந்தோஷமாக இருக்கும். 1940இல் ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ராணுவத்துக்குத் துளியும் லாயக்கில்லாத மனிதர். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். எழுதி முடித்ததை மனைவி மேவ் கில்மோருக்கு அனுப்பிவைத்தார். அந்த நோட்டுகளில் எழுத்துக்கு இடையிலும் ஓரத்திலும் பாத்திரங்களின் முகங்கள் இருக்கின்றன. முகத்தை வரைந்து பார்த்தால்தான் இந்த ஆள் என்ன பேசுவான் என்று தெரிகிறது என்கிற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். பேனாவை எழுத்திலிருந்து கோட்டுக்கு நகர்த்தினார், கோட்டிலிருந்து வசனம் பிறந்தது. அந்த ஓரங்களைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லியிருந்தால் நாவலே வந்திருக்காது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். இன்று அந்தக் கையெழுத்துப் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

ஊர், படிப்பு விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911இல் சீனாவில் பிறந்தார். அப்பா மிஷன் மருத்துவர். சிறுவயது தியான்ஜின் நகரத்தில், மிஷன் வளாகத்தின் மதில்களுக்குள் கழிந்தது. மதில் சூழ்ந்த ஒரு பெரிய கோட்டையைப் பிற்பாடு அவர் கட்டியதற்கு விதை அங்கே விழுந்திருக்கலாம். இங்கிலாந்து திரும்பி, ராயல் அகாடமியில் ஓவியம் படித்து, ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் சார்க் தீவில் ஓவியர்களோடு இரண்டு வருடம் வாழ்ந்து, பிறகு லண்டனில் ஓவிய ஆசிரியரானார். மாணவியாக வந்த மேவை 1937இல் மணந்துகொண்டார்.

அப்புறம், இரண்டு இடங்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1943இல் போர்க்கால ஓவியராக அவருக்கு ஒரு வேலை வந்தது. பர்மிங்காம் பக்கம் ஸ்மெத்விக் என்ற ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை. ரேடாருக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய்களை ஊதித் தயாரிப்பதைப் படமாக்க வேண்டும். உலைவெக்கையில், நீண்ட இரும்புக் குழலின் முனையில் தீக்குழம்பாகத் தொங்கும் கண்ணாடியை, கன்னம் உப்ப மூச்சை ஊதி வடிவத்துக்குக் கொண்டுவரும் தொழிலாளிகள். பீக் வரைந்தார். வரைந்தும் மனசு அடங்கவில்லை, கவிதையும் எழுதினார். 1950இல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்புக்குப் பெயரே 'கண்ணாடி ஊதுவோர்' என்பதுதான். அந்தத் தொகுப்பையும், அதே வருடம் வந்த இரண்டாவது நாவலையும் சேர்த்துப் பார்த்து ஹைனமன் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். அவரைப் பிரிக்காமல் பார்த்த பரிசு அது.

இன்னொரு இடம் பெல்சன். 1945இல் போர் முடிந்த கையோடு ஒரு பத்திரிகை அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. நாஜி வதைமுகாமில் உயிர் தப்பியவர்களுக்காக அமைத்த மருத்துவமனையில், காசநோயில் செத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வரைந்தார். சில கோடுகள்தான். தலையணை கசங்கக்கூட இல்லை, அவ்வளவு எடையற்ற தலை. பிறகு அந்தப் பெண்ணைப் பற்றியே ஒரு கவிதை எழுதினார். அதில் அவர் தன்னைத்தானே கூண்டில் ஏற்றுகிறார். சாகிற ஒருத்தியின் முன்னால் நின்றுகொண்டு வெள்ளைச் சுவரையும் சாம்பல் நிறப் படுக்கையையும் ஒரு ஓவியனாக ரசிக்க முடிந்ததே, அப்படியானால் இரக்கம் எங்கே போயிற்று என்று கேட்கிறார். இவளுடைய வேதனை பிடிப்பில்லாமல் என் ஊடாக வழுக்கிப்போகிறதே, நான் என்ன கண்ணாடியா என்றும் கேட்கிறார்.

ஆர்., இரண்டு வருடத்துக்கு முன்பு உலை முன்னால் நின்று வரைந்த அதே கண்ணாடி. பெல்சனில் அது அவர் நெஞ்சுக்கே திரும்பி வருகிறது. அவர் ஓவியர் மட்டுமாக இருந்திருந்தால் அந்தப் படத்தோடு வேலை முடிந்திருக்கும். கவிஞர் மட்டுமாக இருந்திருந்தால் அந்தக் குற்றவுணர்ச்சிக்கே இடமிருந்திருக்காது. ஒரு கை செய்ததை இன்னொரு கை விசாரிக்கிறது. எனக்குப் பீக் மீது இருக்கும் மரியாதையின் அடிப்படை இந்த இடம்தான்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். அதுதானே உங்களைப் பயமுறுத்தியது. அவருக்கு மூன்று பிள்ளைகள். நாவல்கள் பெயர் வாங்கித் தந்தனவே தவிர சோறு போடவில்லை. கலைப்பள்ளியில் பாடம் எடுத்தும், 'புதையல் தீவு', 'ஆலிஸ்' போன்ற நூல்களுக்குப் படம் வரைந்தும் குடும்பத்தை ஓட்டினார். மேடையில் ஒன்று ஓடிவிட்டால் கடன் தீரும் என்று நம்பி, வருடக்கணக்கில் ஒரு நகைச்சுவை நாடகத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார். கூச்ச சுபாவமுள்ள ஒருவன், காதலியிடம் பேசத் தைரியமில்லாமல், தான் செத்துவிட்டதாகச் சொல்லி, தடாலடிக்கார ஓவியனான தன் சொந்தக்காரன் வேஷத்தில் திரும்பி வருகிறான். 1957 மார்ச்சில் லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில் மேடையேறியது. எடுபடவில்லை. பீக் அதோடு படுத்துவிட்டார்.

ஆனால் அவரை வீழ்த்தியது நாடகமில்லை. அதற்கு முன்பே நோய் உள்ளே வந்திருந்தது. பார்க்கின்சன் என்றார்கள், லூயி பாடி வகை மறதிநோயாக இருந்திருக்கும் என்று பின்னால் ஒரு மருத்துவர் எழுதினார். கை நடுங்கியது, நினைவு குழம்பியது. மூன்றாவது நாவல் 1959இல் வெட்டுப்பட்டுத்தான் வெளிவந்தது. அவர் இறந்த பிறகு, 1970இல், லாங்டன் ஜோன்ஸ் என்பவர் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு அதைச் செப்பனிட்டார். மூளையைத் தின்கிற நோய், ஒரே கலையைப் பிடித்துக்கொண்டிருந்தவரையும் விட்டுவைத்திருக்காது. பல கலை பழகியதற்குத் தண்டனை என்று அதைப் படிப்பது அநியாயம். பணக்கஷ்டம் மட்டும் நிஜம், அதை நான் மூடி மறைக்கமாட்டேன். உங்கள் மகளுக்கு ஒரு சம்பளம் வேண்டும் என்று நீங்கள் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. பீக்கும் பாடம் நடத்திச் சம்பாதித்தவர்தான். அந்தக் கவலைக்குப் படத்தையும் நாடகத்தையும் பலி கேட்காதீர்கள்.

தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பழமொழி, மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே போய் எதிலும் கோடாலி வைக்காத தச்சனைப் பற்றியது. பீக் ஒரே மரத்தைத்தான் வாழ்நாள் முழுக்க வெட்டினார். ஒரு நாள் கோடாலியால், ஒரு நாள் உளியால். உங்கள் மகள் இரண்டு வருடமாக அந்த நாடகத்தை விடாமல் எழுதுகிறாள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அவள் ஓரத்தில் வரைந்திருப்பது அந்த நாடகத்தில் வருகிறவர்களின் முகங்கள்தானா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது கோடு போடாத பெரிய நோட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.